வரிசையில் நிற்கிறவரின் பிரட்

எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். தெரிவது கன்டெய்னர். சிவப்பு, நீலம், துருவேறிய பச்சை. ஒன்றன் பின் ஒன்றாக எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்தை அடைத்துக்கொண்டு, துறைமுக கேட்டை நோக்கி மூக்கை நீட்டி நிற்கிற டிரெய்லர்கள். விரைவுச் சாலை என்று பெயர் வைத்தவர் இங்கே குடியிருந்திருக்க மாட்டார். கடல் அந்தப் பக்கம் கருங்கற்களின் மேல் மோதிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின்கள் அணைந்திருக்கும்போது அதன் சத்தம் மட்டும் வரும். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் கரித்தூள். பாதி திறந்து வைத்துப் பழகிவிட்டோம்.

அந்த வரிசையில் ஒரு வண்டியில் என் கணவர் இருப்பார். சில நாள் அவருடைய டிரெய்லர் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரிலேயே வந்து நின்றுவிடும். ஜன்னலிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங்கின் மேல் வைத்த முழங்கை தெரியும். கூப்பிட்டால் கேட்கும். ஆனால் வந்து சாப்பிட முடியாது. அவர் இறங்குகிற நேரம் பார்த்து வரிசை நகரும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழுந்தால், பின்னாலிருப்பவர் மூக்கை நுழைத்துவிடுவார். இழந்த இடத்துக்கு எந்த நியாயமும் எந்தப் போலீஸ்காரரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதனால் வீட்டைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்கு வராமல் சாப்பிடுவார்.

சாப்பிடுவது பன். வரிசையின் ஓரமாகச் சைக்கிளில் டீ கேனும் பன் மூட்டையும் கட்டிக்கொண்டு வருவார்கள். டிரெய்லர் ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட வசதியான சாப்பாடு கிடையாது. கையெல்லாம் டீசலும் கிரீஸும். கழுவ வழி இல்லை. பிளாஸ்டிக் உறையோடு பிடித்து, உறையைக் கீழே தள்ளிக்கொண்டே கடித்துவிடலாம், விரல் படாது. சோறு கட்டிக் கொடுத்தால் சிந்தும். இட்லி கேபின் சூட்டில் புளிக்கும். சப்பாத்தி செருப்புத் தோலாகிவிடும். பன் மட்டும் எப்போதும் மெத்து மெத்து என்று இருக்கும். அந்த மென்மையை நான் வெகுகாலம் நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

அவருக்கு இடது கண்ணில் புரை விழுந்தது. எதிரே வருகிற வண்டியின் விளக்கு பஞ்சு மாதிரி பிரிந்து தெரிகிறது என்றார். அப்புறம் பகலிலும் பஞ்சு. கேட்டில் கன்டெய்னர் எண்ணைச் சரிபார்க்கும்போது எட்டை மூன்று என்று படித்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வண்டியின் முதலாளி நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: "கண்ணைப் பாத்துக்கோ நைனா. கண்ணு சரியாகாம இனிமே பெரிய வண்டில ஏத்த மாட்டேன். யாருனா மேல ஏத்திட்டியினா உனக்கும் ஜெயிலு, எனக்கும் ஜெயிலு." அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, கேட்டுக்கும் யார்டுக்கும் இடையில் பகல் நடை மட்டும் ஓட்ட விட்டார். அதாவது, வரிசையில் நிற்கிற வேலை.

கண் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். அந்த இளம் மருத்துவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"சர்க்கரை இவ்வளவு இருந்தா நான் கண்ணுல கை வைக்க முடியாதும்மா. புண்ணு ஆறாது. குறைச்சிட்டு வாங்க. மாத்திரை தரேன். சாப்பாட்டுல மைதாவை நிறுத்துங்க, அரிசியைக் குறைங்க, கோதுமைக்கு மாறுங்க."

கண்ணைத் திறக்கிற சாவி சர்க்கரையின் கையில் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "அவ்ளோதானே? இன்னிலேர்ந்து சோத்த நிறுத்து. பிரட்டுதான்."

இதை ஏன் நான் மறுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிரட் என்பது சாப்பாடு அல்ல, வைத்தியம். காய்ச்சல் வந்தால் பாலில் பிரட். பிள்ளை பெற்றவளுக்கு பிரட். பெரியாஸ்பத்திரி வார்டில் காலையில் தட்டில் வருவது பிரட்டும் பாலும். ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிற ஒன்று உடம்புக்கு ஆகாது என்று யாருக்குத் தோன்றும்? நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. சாத்துக்குடி வாங்கலாம், வாங்காமலும் போகலாம். பிரட் பாக்கெட் கட்டாயம். அதை வாங்கிக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தால், உன் உறவு வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும்.

அவருக்குக் கண் ஆபரேஷன் என்ற செய்தி வரிசை முழுக்கப் பரவியது. வியாசர்பாடியிலிருந்து அவருடைய அக்கா வந்தார், பிரட். பக்கத்து வீட்டுக்காரர்கள், பிரட். கூட ஓட்டுகிற தோஸ்து ஒருவர், இவரோடு கிளீனராகச் சேர்ந்து இவரோடு டிரைவர் ஆனவர். அவர் பெரியதாக, பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது பிரவுனு மாமு. சுகர் பார்ட்டிங்களுக்குன்னே போடுறான். சத்தெல்லாம் ஏத்திகீறான் இதுல. பாரு, எழுதிகீது."

உண்மையாகவே எழுதியிருந்தது. உறையின் முன்பக்கம் ஒரு கோதுமைக் கதிர் படம், இரும்புச் சத்து, வைட்டமின், செறிவூட்டப்பட்டது. ஃபிரிட்ஜின் மேல் பிரட் ஏறியது, ஃபிரிட்ஜுக்குள் ஏறியது, அலமாரியில் புடவைக்குப் பக்கத்தில்கூட ஒன்று உட்கார்ந்தது. வீட்டைச் சுற்றி வெளியே கன்டெய்னர், உள்ளே பிரட். இரண்டும் நீள்சதுரம். இரண்டும் நகரவில்லை.

அவர் விரதம் மாதிரிதான் இருந்தார். அரிசியைத் தொடவில்லை. பிரியாணி வாசனை வந்தால் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். காலையில் பிரவுன் பிரட், மதியம் வரிசையில் பிரவுன் பிரட், சாயங்காலம் டீயில் தோய்த்து பிரவுன் பிரட். பசி அடங்கவில்லை என்றால் இன்னும் இரண்டு துண்டு. மருந்துதானே, கூடுதலாகச் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும் என்பது அவர் கணக்கு.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குறையவில்லை. முன்பைவிடக் கொஞ்சம் ஏறியே இருந்தது.

"அரிசி சாப்பிட்டீங்களா?" என்றார் மருத்துவர்.

"ஒரு பருக்கை துன்னலீங்க. எங்கம்மா சத்தியமா."

"ஸ்வீட்?"

"டீலகூட சக்கர கெடையாது சார். நாக்கு செத்துப்போய்க் கீது."

மருத்துவர் நம்பவில்லை. எத்தனையோ பேர் இப்படி அம்மா மேல் சத்தியம் செய்வதைப் பார்த்த முகம் அது. தேதியைத் தள்ளி எழுதினார். வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கோபமாக இருந்தால் சமாளிக்கலாம். இவர் அவமானமாக இருந்தார். பொய் சொல்லாத இடத்தில் பொய்யன் ஆகிவிட்ட அவமானம். பையிலிருந்து இரண்டு துண்டு பிரட்டை எடுத்தார், பசி. அப்போதுதான் அந்த உறை என் மடியில் விழுந்தது.

நான் ராயபுரத்தில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள். கப்பலில் வருகிற பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாள் முழுக்க அடிப்பதுதான் வேலை. பெட்டியின் மேல் என்ன படம் இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளே என்ன, எது அதிகம், எது மீதி என்பதுதான் கேள்வி. அந்தப் பழக்கத்தில் உறையைத் திருப்பினேன். பின்பக்கம், எறும்பு அளவு ஆங்கில எழுத்தில், சேர்த்த பொருட்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி, இது எங்கள் அலுவலகத்துக்கு வருகிற சாப்பாட்டுச் சரக்கில் பார்த்துப் பார்த்துத் தெரிந்தது. முதல் சொல் 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு'. பக்கத்தில் அடைப்புக்குள், வெட்கப்படுகிற மாதிரி, 'மைதா'. அப்புறம் சர்க்கரை. முழுக் கோதுமை மாவு அதற்கும் பின்னால், வரிசையில் தள்ளி, எங்கோ நின்றுகொண்டிருந்தது. கடைசிக்குக் கிட்டே நிறமி. கேரமல். பழுப்பு அங்கிருந்து வந்திருக்கிறது.

"இன்னாமே படிக்கிற?"

"ஒண்ணுமில்ல. சாப்புடு" என்றேன். உடனே, "சாப்புடாத" என்றேன்.

சத்து ஏற்றியது என்று போட்டிருக்கிறதே, அது பொய்யா என்று உள்ளே இருந்த செவிலியரிடம் கேட்டேன். வேலை முடித்து டிபன் பாக்ஸைத் திறக்கப் போனவர், பாதி திறந்தபடியே நின்று சொன்னார்.

"பொய் இல்லம்மா. கோதுமையை அரைக்கும்போது மேல் தோலு, உள்ள முளை எல்லாத்தையும் எடுத்துடுறாங்க. அப்பதான் மாவு வெள்ளையா, கெடாம இருக்கும். எடுத்ததுல போன சத்துல கொஞ்சத்தைத் திரும்பத் தூவுறாங்க. இரும்பு, ஃபோலிக் அமிலம் அந்த மாதிரி. ரத்தம் கம்மியா இருக்கிற பொம்பளைங்களுக்கு, புள்ளத்தாச்சிங்களுக்கு அது நல்லதுதான். ஆனா நாரு திரும்ப வராதே. நாரு இல்லன்னா விறுவிறுன்னு சர்க்கரையா மாறிடும். உங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் இல்லன்னு யாரு சொன்னது? அவருக்கு இருக்கிற பிரச்சினை வேற."

அவ்வளவுதான். ஒரு வீட்டின் சாமான் எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, வாசலில் ஒரு விளக்கை மட்டும் திரும்ப ஏற்றி வைத்த மாதிரி. விளக்கு நிஜம். வெளிச்சம் நிஜம். உள்ளே படுக்கப் பாய் இல்லை.

எனக்கு ரேஷன் அரிசி ஞாபகம் வந்தது. அதிலும் இதே மாதிரி சத்து சேர்த்த மணிகளைக் கலக்கிறார்கள். எங்கள் தெருவில் பெண்கள் முறத்தில் போட்டு, கொஞ்சம் வேறு நிறமாகத் தெரிகிற அந்த மணிகளைப் பொறுக்கி, பிளாஸ்டிக் அரிசி என்று சாக்கடையில் போடுகிறார்கள். நானும் பொறுக்கியிருக்கிறேன். ரத்தம் இல்லாத எங்கள் பெண்கள் தேவையான சத்தைக் கொட்டிவிடுகிறார்கள். சர்க்கரை வந்த எங்கள் ஆண்கள் தேவையில்லாததைச் சத்து என்று மூன்று வேளை தின்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்வது. ஒன்று பார்க்கச் சந்தேகமாக இருந்தது, இன்னொன்று பார்க்க மெத்தென்று இருந்தது.

அடுத்த நாள் ராயபுரத்தில், அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற பேக்கரி பாயிடம் போனேன். நாங்கள் எல்லாம் அவர் கடையில்தான் டீக்குப் பொறை வாங்குவோம். கண்ணாடி அலமாரியில் 'கோதுமை பிரட்' என்று அவரும் ஒன்று வைத்திருப்பார்.

"பாய், இதுல எவ்ளோ கோதுமை?"

பாய் சிரித்தார். "நீ ஆபீசர் மாதிரி கேக்குறியேம்மா. பாதி."

"மீதி?"

"மீதி மைதாதான். முழுசா கோதுமை மாவு போட்டா எழும்பாதும்மா, செங்கல்லு மாதிரி வரும். யாரு வாங்குவா? வாங்கிட்டுப் போய், பாய் நேத்து பிரட்டைக் குடுத்துட்டான்னு என்னைத்தான் பேசுவாங்க. நான் யாரையும் டபாய்க்கல. கேட்டா சொல்லுவேன். இத்தினி வருசமா யாரும் கேக்கல."

"எனக்குச் செங்கல்லுதான் வேணும் பாய்."

விஷயத்தைச் சொன்னேன். கண், சர்க்கரை, தள்ளிப் போன தேதி. அவர் கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போய், மாவு பிசைகிறவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். "வெள்ளிக்கிழமை வா. தொழுகை முடிஞ்சி எடுத்து வைக்கிறேன். நல்லா வரும்னு மட்டும் எதிர்பாக்காத."

நல்லா வரவில்லை. நடுவில் வெடித்து, குள்ளமாக, கறுத்து இருந்தது. கத்தி இறங்கவில்லை. என் கணவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா பிரட்டா, பிரேக்கு ஷூவா?"

"மென்னு துன்னு."

"மெல்றதா? தாவாங்கட்ட கழண்டுகினு வந்துடும்மே. கண்ணு ஆபரேசனுக்கு மின்ன பல்லு ஆபரேசன் பண்ணணும்."

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர் இரண்டு துண்டுக்கு மேல் கேட்கவில்லை. வெகு நேரம் பசிக்கவில்லை என்றார், அதையும் ஒரு புகார் மாதிரி சொன்னார். அடுத்த முறை பாய் தண்ணீரைக் கூட்டி, மாவைக் கூடுதல் நேரம் ஊற வைத்துச் சுட்டார். கொஞ்சம் எழும்பியது. உள்ளே தவிடு புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கையில் வைத்தால் கனம். நல்ல பிரட்டை நான் இப்படித்தான் கண்டுபிடிக்கிறேன்: நிறத்தைப் பார்ப்பதில்லை, முன்பக்கப் படத்தைப் பார்ப்பதில்லை, மேலே தூவிய விதைகளை நம்புவதில்லை. முதல் சொல் முழுக் கோதுமையாக இருக்க வேண்டும். கனமாக இருக்க வேண்டும். அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டுச் சொன்னபடி கேட்டுத் திரும்பி வரக்கூடாது. அப்புறம் முக்கியமாக, அதுவும் பிரட்தான். இரண்டு துண்டோடு எழுந்துவிட வேண்டும். கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ வேண்டும்.

இதெல்லாம் வீட்டில். வரிசை வேறு உலகம்.

ஒரு மதியம் அலுவலகத்தில் அரை நாள் சொல்லிவிட்டு, பாயின் பிரட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலையும் எடுத்துக்கொண்டு வரிசையில் அவரைத் தேடி நடந்தேன். வெயில். தார் உருகும் வாசனை, மீன் வாசனை, இரண்டு கன்டெய்னருக்கு நடுவில் மூத்திர வாசனை. அவர் வண்டி தண்டையார்பேட்டைப் பக்கம் நின்றிருந்தது. படியில் கால் வைத்து ஏறினால், டேஷ்போர்டு முழுக்க பிரட். பிரவுன் பிரட், பால் பிரட், கிரீம் பன். பக்கத்து இருக்கையில் தோஸ்து உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி. பேசண்ட்டு சௌக்கியமாக் கீறாரு."

"இதெல்லாம் இன்னா?" என்று கணவரைக் கேட்டேன்.

"நான் கேக்கலமே. வரவன் போறவன்லாம் குடுக்கறான். கண்ணு எப்டிக் கீதுன்னு கேட்டுகினே வந்து வச்சிட்டுப் போறான்."

"வேணாம்னு சொல்ல வாய் இல்லியா?"

தோஸ்து குறுக்கே வந்தார். "பேசண்ட்டு பிரட்டை வேணாம்பானா தங்கச்சி? அப்டி சொன்னா இன்னா அர்த்தம்? நீ குடுத்து நான் பொழைக்கணுமா, அதானே? கோச்சிக்குவானுங்க. நாளைக்கு டயர் பஞ்சரானா ஒருத்தன் ஜாக்கி குடுக்க மாட்டான்."

அவர் சொன்னது சரி. இந்த வரிசையில் ஒருவருக்கொருவர் தவிர யாரும் இல்லை. ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் பின்னாலிருப்பவர்தான் தூக்குவார். அந்தப் பிணைப்பின் ரசீதுதான் டேஷ்போர்டில் அடுக்கியிருந்தது.

தோஸ்து இறங்கித் தன் வண்டிக்குப் போனார். நானும் இறங்கப் போனேன். அப்போது வரிசை நகர்ந்தது. பின்னால் ஹாரன் அலறியது. "உக்காரு, உக்காரு" என்று அவர் கியரைப் போட்டார். வண்டி கொஞ்சம் ஊர்ந்து நின்றது. இறங்கக் கதவைத் திறந்தேன், மறுபடி நகர்ந்தது. நின்றது. இந்தப் பக்கம் இன்னொரு டிரெய்லர் ஒட்டி வந்து நின்றதில் கதவைத் திறக்க இடமே இல்லாமல் போனது. நான் உள்ளே மாட்டிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணாடிக்கு முன்னால் ஒரு கன்டெய்னரின் பின் கதவு. அதில் எண்கள், பூட்டு, சீல். அதை விட்டால் பார்க்க வேறொன்றும் இல்லை. இன்ஜின் சூடு காலடியிலிருந்து ஏறியது. வியர்வை முதுகிலிருந்து இருக்கைக்குப் போய், இருக்கையிலிருந்து திரும்பி வந்தது. பெண்கள் இறங்கிப் போக ஒரு மறைவும் இல்லாத சாலை என்பதால் தண்ணீர் குடிக்கப் பயம். அவர் முன்னாலிருக்கும் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறாரா, பஞ்சைப் பார்க்கிறாரா? ஓர் ஆயுளை இந்தப் பூட்டின் முன் உட்கார்ந்து கழித்திருக்கிறார் என்பது, கல்யாணமான இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் என் உடம்புக்கு எட்டியது.

எனக்குப் பசித்தது. சுண்டலை அவருக்குக் கொடுத்திருந்தேன். பாயின் பிரட்டை மெல்ல எனக்குப் பொறுமை இல்லை. டேஷ்போர்டிலிருந்து ஒரு கிரீம் பன்னை எடுத்துப் பிரித்தேன். கடிக்கவே வேண்டியிருக்கவில்லை. நாக்கில் வைத்தவுடன் கரைந்து, இனித்து, தொண்டையில் தானாக இறங்கி, காணாமல் போனது. அந்தக் கேபினில் மென்மையாக இருந்த ஒரே பொருள் அது. இன்னொன்றை எடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"எப்டிக் கீது?"

"நல்லாக் கீது" என்றேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"அதான்" என்றார். "அதான்மே நான் சொல்றது."

உறையின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான். படித்ததால் பசி ஒரு துளியும் குறையவில்லை. எல்லாப் பக்கமும் அடைத்துக்கொண்டிருக்கும்போது, கைக்கு எட்டுகிற மென்மையை வேண்டாம் என்று சொல்ல எங்கிருந்து பலம் வரும்?

வழியை அவரேதான் கண்டுபிடித்தார். வரிசையின் வழி. பிரட் கொடுத்தவர் தலை மறைந்ததும், அதை ஜன்னல் வழியே டீ சைக்கிள்காரரிடம் நீட்டி, பின்னாலிருக்கும் வண்டிக்கு அனுப்பிவிட்டுக் குரல் கொடுப்பார். "வூட்ல நெறையக் கீது நைனா, நீ துன்னு." வாங்கிக்கொண்டவருக்கும் சந்தோஷம், கொடுத்தவருக்கும் வருத்தம் இல்லை. பன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் ஆசை கொஞ்சம் அடங்குகிறது என்றார். சுண்டலுக்கு நான் ஒரு கரண்டி கட்டிக் கொடுத்தேன். பாயின் பிரட்டை ரப்பர் பேண்டு போட்டு, உறையோடு பிடித்துக் கடிக்கிற அளவுக்குப் பாதிப் பாதியாக வெட்டிக் கொடுத்தேன். அரிசி ஒரு கரண்டி மதியத்துக்குத் திரும்பி வந்தது. மருத்துவர் குறைக்கத்தான் சொன்னாரே தவிர, நிறுத்தச் சொல்லவில்லை.

மூன்றாவது முறை ரத்தம் எடுத்தபோது மருத்துவர் சீட்டை வெகு நேரம் பார்த்தார். "இப்பதான் நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்க" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவர் காலை மெல்ல மிதித்தேன். கண்ணைத் திறக்கத் தேதி கிடைத்துவிட்டது, அது போதும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பச்சைத் துணி கட்டி, அப்புறம் கறுப்புக் கண்ணாடி போட்டு, அப்புறம் படிப்பதற்கென்று ஒரு கண்ணாடி வந்தது. அது வந்த வாரம், ஒரு மத்தியானம், தோஸ்து வீட்டுக்கு வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் வர முடிந்திருக்கவில்லை, ஒன்று மாற்றி ஒன்று நடை. ஜன்னல் வழியே பார்த்தேன். அவருடைய டிரெய்லர் எதிரில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இருக்கையில் யாரும் இல்லை. லைனை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கையில் பிரட். பெரியது. பழுப்பு.

"எப்டி மாமு கீது லைட்டு? ஃபுல்லா எரியுதா?"

"உன் மூஞ்சி தெரியுது. ஆபரேசனே பண்ணாம இருந்திருக்கலாம்."

தோஸ்து சிரித்தார். பிரட்டை நீட்டினார். ஒரு வண்டி நீளம் இடத்தைப் பணயம் வைத்து எடுத்து வந்த பிரட்டை எந்தக் கையால் தள்ளுவது? நான் வாங்கி, என் கணவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். உறையைத் திருப்பினார். கேட்டில் கன்டெய்னர் எண்ணைச் சரிபார்ப்பது போல, எறும்பு எழுத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாக, நிதானமாக, சத்தமாகப் படித்தார்.

"எம். ஏ. ஐ. டி. ஏ."

எட்டையும் மூன்றையும் குழப்பிய கண்.

"இன்னா, சரக்கு செக் பண்றியா?" என்றார் தோஸ்து.

"மைதா மாமு. உள்ள இருக்கிறது மைதா. கலரு மட்டும்தான் பிரவுனு."

"எங்க, காட்டு." தோஸ்து உறையை வாங்கினார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். மறுபடி கிட்டே கொண்டுவந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணியும் தெரியலியே. ஒரே பஞ்சா கீது" என்று சொல்லிவிட்டு, அது பெரிய விஷயம் இல்லை என்பது போலத் திருப்பிக் கொடுத்தார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வரிசையில் பின்னால் பின்னால் என்று ஜன்னல் வழியே நீட்டிய பிரட்டுகள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. அவருடைய வண்டிக்குப் பின்னால் பெரும்பாலும் நின்றது யாருடைய வண்டி என்பதும்.

"நீ ரத்தம் எடுத்துப் பாத்தியா மாமு?" என்றார் என் கணவர்.

"எனக்கின்னா கேடு. படிச்சிட்ட இல்ல? இப்ப துன்னு."

வெளியே ஹாரன் அலறியது. வரிசை நகரத் தொடங்கியிருந்தது. எங்கள் ஜன்னலுக்கு நேராக, ஓட்டுநர் இல்லாத அந்த டிரெய்லரின் முன்னால் ஒரு வண்டி நீளத்துக்குச் சாலை காலியாகத் தெரிந்தது. அதற்கு அப்பால், அந்த ஒரு துண்டு நேரத்துக்கு, கடலும் தெரிந்தது. தோஸ்து செருப்பைத் தேடினார்.

என் கணவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"லைன் போவுது, வுடு மாமு."

"போவட்டும்" என்றார் என் கணவர், கையை விடாமல். "உக்காரு. மே, பாய் பிரட்டு கீதில்ல, ரெண்டு துண்டு எடுத்தா."